சாவும் சிரிப்பும்

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அதனை அடுத்து அழுகையை வைத்தார். இவை இரண்டும் அருகருகே நிற்பது வெறும் எண்ணுமுறைதானா, அன்றி ஒன்றன் எல்லை மற்றதன் எல்லையைத் தொட்டு நிற்கிறது என்னும் குறிப்பும் அதில் உண்டா என்று மாணவர் எவரேனும் வினவக்கூடும். அத்தகைய மாணவருக்கு உரைநூல்களோடு இன்னொன்றையும் காட்டலாம். அது 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பான அரைமணி நேரத் தொலைக்காட்சி நாடகம். இறந்துபோன ஒரு கோமாளியின் இறுதிச் சடங்கில், சிரிக்கவே கூடாதவள் சிரித்துவிடுகிறாள். கதை அவ்வளவே. ஆயினும், 1997-இல் 'டிவி கைட்' என்னும் இதழ் தொலைக்காட்சி வரலாற்றின் சிறந்த நூறு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தை இதற்குத்தான் அளித்தது.

'மேரி டைலர் மூர் ஷோ' என்பது தொடரின் பெயர். ஜேம்ஸ் எல். புரூக்ஸ், ஆலன் பர்ன்ஸ் என்னும் இருவர் படைத்தது, சி.பி.எஸ். நிறுவனத்தின் வழியாக 1970 முதல் 1977 வரை 168 பகுதிகளாக வெளிவந்தது. மினியாபொலிஸ் நகரிலுள்ள டபிள்யூ.ஜே.எம். என்னும் கற்பனைத் தொலைக்காட்சி நிலையத்தின் செய்திப் பிரிவே இதன் களம். குடும்பத்தையும் வரவேற்பறையையும் சுற்றிச் சுழன்று வந்த அமெரிக்க நகைச்சுவை நாடகம் அலுவலகத்தை ஒரு குடும்பமாகக் கண்டது இத்தொடரில்தான் முழுமை பெற்றது எனலாம். தந்தையின் இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் தலைவர் லூ கிராண்ட். செய்தி எழுதும் மர்ரே. எழுதியதைப் படிக்கும் டெட் பாக்ஸ்டர். இவர்களுக்கு நடுவே, மணமாகாமல் தனித்து வாழும் மேரி ரிச்சர்ட்ஸ். தொடக்கத்தில் மேரியை மணமுறிவு பெற்றவளாகவே ஆசிரியர்கள் எண்ணியிருந்தனர். நிறுவனத்தார் அதற்கு இசையவில்லை. எனவே, கைகூடாத காதலை விட்டுவிட்டு நகருக்கு வந்தவளாக அவள் மாறினாள். தொலைக்காட்சியில் எதைச் சிரிப்புக்கு உரியதாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்னும் வழக்கு இத்தொடரின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

ஐந்தாண்டுகளுக்குப் பின் அவ்வழக்கு மீண்டும் எழுந்தது. இம்முறை எழுந்தது படைப்பாளர்களுக்குள்ளேயே. டேவிட் லாயிட் எழுதிய கதை ஒன்றில் சக்கிள்ஸ் என்னும் கோமாளி இறந்துவிடுகிறான். தொடரின் பெரும்பாலான பகுதிகளை இயக்கியவர் ஜே சாண்ட்ரிச். அவர் இக்கதையை இயக்க மறுத்தார். சாவு நகைச்சுவைக்கு உரிய பொருளன்று என்பது அவர் கருத்து. அவருடைய மறுப்பைக் கோழைத்தனம் என்றோ பழமைப் பற்று என்றோ தள்ளிவிடுதல் நேர்மையாகாது. நகைச்சுவையின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர். கோடிக்கணக்கானோர் வீடுகளுக்குள் ஒரே நேரத்தில் நுழையும் நாடகம் அது. அவற்றுள் எத்தனை வீடுகளில் அவ்வாரம் சாவு நிகழ்ந்திருக்கும்! அங்கே அமர்ந்திருப்பவர் முன் சென்று, 'இறந்தவனைப் பார்த்துச் சிரியுங்கள்' என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்? இக்கேள்விக்கு விடை இல்லாமல் அக்கதையை எடுத்திருந்தால் அது வெறும் குறும்பாக முடிந்திருக்கும். இயக்கும் பொறுப்பை ஏற்றவர் ஜோன் டார்லிங் என்னும் பெண்மணி. நடிகையாக இருந்து இயக்குநரானவர். அவரும் லாயிடும் அளித்த விடை வசனங்களில் இல்லை. நாடகத்தின் அமைப்பில், ஒவ்வொரு சிறு தெரிவிலும் அது பதுங்கியிருக்கிறது.

அத்தெரிவுகளுள் முதலாவது, இறப்பவன் யார் என்பது. முன்பின் அறியாத ஒருவன் இறந்தால் நேயர்களுக்கு அக்கறை இராது. அவர்கள் சிரித்தால் அது கல்நெஞ்சின் சிரிப்பாகும். மர்ரேயோ டெட்டோ இறந்தால் சிரிப்பே வாராது. சக்கிள்ஸ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவன். அதே நிலையத்தில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்துபவன். தொடரில் பலமுறை பெயர் அடிபட்டவன். ஆனால் திரையில் மிக அரிதாகவே தோன்றியவன். அலுவலகத்தில் இவ்வாறு ஒருவர் எல்லாருக்கும் இருப்பார். நாள்தோறும் தாழ்வாரத்தில் எதிர்ப்படுவார், புன்னகை பரிமாறுவோம், அவர் வீட்டு முகவரி தெரியாது. அவர் இறந்தால் எவ்வளவு அழவேண்டும் என்பதற்கு எந்த வழக்கும் வகுக்கப்படவில்லை. குடும்பத்தில் இறந்தோருக்கு அழுவதற்கு முறை உண்டு, நாள் உண்டு. உடன் பணி செய்தவருக்கு? இந்த வெற்றிடத்தைக் கண்டுகொண்டதே லாயிடின் முதல் வெற்றி. பணியிட நாடகத்துக்கே உரிய சாவு இது. குடும்ப நாடகத்தில் இதனை வைத்திருக்க இயலாது.

இரண்டாவது தெரிவு, அவன் எவ்வாறு இறக்கிறான் என்பது. வட்டரங்கு ஊர்வலம் ஒன்றுக்குத் தலைமை தாங்க டெட் அழைக்கப்படுகிறான். செய்தி வாசிப்பவன் கோமாளிக் கூட்டத்தோடு ஊர்வலம் போவது நிலையத்துக்கு இழுக்கு என்று லூ தடுத்துவிடுகிறார். அவனுக்குப் பதிலாகச் செல்கிறான் சக்கிள்ஸ். தன் வேடங்களுள் ஒன்றான நிலக்கடலை வேடத்தில் செல்கிறான். கட்டுக்கடங்காத யானை ஒன்று அவனைக் கடலை என்றே கொண்டு உரிக்க முற்பட்டுவிடுகிறது. எத்துணைக் கொடிய சாவு! எத்துணை அபத்தமான சாவு! தன் தொழிலாலேயே ஒருவன் இறப்பது துன்பியல் நாடகத்துக்குப் பழகிய செய்தி. போர்வீரன் வாளால் மடிவான், கடலோடி கடலில் மூழ்குவான். லாயிட் அந்தப் பழைய நெறியை அப்படியே எடுத்துக்கொண்டு, வாளின் இடத்தில் கடலைத் தோலை வைத்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் சிரிக்க வேடம் புனைந்தவன், அவ்வேடத்தை ஓர் யானை மெய்யென்று நம்பியதால் மாண்டான். நடிப்புக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் இல்லை, இதைவிடக் கொடிய தண்டனையும் இல்லை.

இதில் ஊர்வலம் காட்டப்படவில்லை, யானை காட்டப்படவில்லை, சக்கிள்ஸின் முகமும் காட்டப்படவில்லை. படப்பதிவு, நேயர்களை எதிரில் அமர்த்தி, பல படக்கருவிகளைக் கொண்டு அரங்கிலேயே நடத்தப்பட்டது என்பது இதற்கு ஒரு காரணம். யானையை அங்கே கொண்டுவருவது எங்ஙனம்? ஆனால், வசதியின்மை சில வேளைகளில் கலைக்கு உதவி செய்துவிடுகிறது. கிரேக்க நாடகத்தில் கொலை மேடைக்கு வெளியே நிகழும். தூதன் ஓடிவந்து சொல்வான். இங்கே தூதனாக வருபவர் லூ கிராண்ட். மூச்சு வாங்க, முகம் வெளுத்து நுழையும் அவர் முதலில் சாவைத்தான் சொல்கிறார். விவரம் பின்னால் வருகிறது. நேயர்களுக்கு முதலில் கிடைப்பது அதிர்ச்சி. அதன்பின் கடலை வேடம் வரும்போது, வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் திகைக்கின்றனர். செய்தியின் வரிசையை மாற்றி, யானையை முன்னும் சாவைப் பின்னும் வைத்திருந்தால் முதற்சிரிப்பு எளிதாக வந்திருக்கும். நாடகமும் அங்கேயே செத்திருக்கும்.

இதனை அடுத்து வருவது முற்பாதியின் மிகச் சிறந்த இடம். டெட் அப்பொழுது ஒளிபரப்பில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறான். சாவுச் செய்தியை அவன் நாட்டுக்குச் சொல்லியாக வேண்டும். எழுதித் தர நேரமில்லை. ஆறாண்டுகளாக மர்ரே எழுதியதை ஆழ்ந்த குரலில் படித்தே அறிஞன் என்று பெயர் வாங்கியவன், முதன்முறையாகத் தன் சொந்தச் சொற்களோடு தனியே நிற்கிறான். ஒன்றும் வரவில்லை. நெருங்கிய நண்பன் என்கிறான். எதனால் இறந்தான் என்று சொல்ல வாயெடுத்துத் தடுமாறுகிறான். கோமாளியின் வழக்கமான விடைபெறும் அடிகளை, கால்சட்டைக்குள் சோடா பீச்சுவதைப் பற்றிய அந்த வேடிக்கை அடிகளை, மந்திரம் போல் ஓதி முடிக்கிறான். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் பேதைமையும் ஒன்று. டெட்டின் பேதைமை தொடர் முழுவதும் சிரிக்க வைத்தது. இங்கே அது வேறு வேலை செய்கிறது. சாவின் முன் எழுதப்படாத ஒரு செய்தியைச் சொல்ல நேர்ந்தால் அறிவாளிகளும் டெட் பாக்ஸ்டர்களாகிவிடுகின்றனர். இரங்கற் கூட்டங்களில் பேசியிருப்போர் இதனை மறுக்கமாட்டார்கள்.

அந்த ஊர்வலத்தில் தானல்லவா சென்றிருக்க வேண்டும் என்னும் அச்சம் டெட்டைப் பிடித்தாட்டும் பகுதிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. கதைக்கு வேண்டிய கட்டுமானம் அது. அதற்குமேல் ஒளி வீசவில்லை.

மறுநாள் அலுவலகம் காட்டப்படும்போது நாடகம் தன் உண்மையான சிக்கலுக்குள் நுழைகிறது. மர்ரே சிலேடைகளை அவிழ்த்துவிடுகிறான். யானை வேறு எவரையும் தாக்காதது நற்பேறு என்று லூ சொல்ல, கடலையை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது யாருக்கும் அரிதாயிற்றே என்கிறான் அவன். லூ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். நேயர்களும் சிரிக்கின்றனர். மேரி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் இறந்திருக்கிறான். இவர்கள் எங்ஙனம் சிரிக்கிறார்கள் என்று சினக்கிறாள். அவள் கடிந்துரைப்பது மர்ரேயை மட்டுமா? அரங்கில் அமர்ந்து சிரித்தவர்களையும், வீட்டிலிருந்து சிரித்தவர்களையும் சேர்த்துத்தான். நாடகத்தைப் பற்றி எழக்கூடிய எதிர்ப்பினை நாடகமே முந்திக்கொண்டு, தன் தலைவியின் வாயிலாகச் சொல்லிவிடுகிறது. சாண்ட்ரிச்சின் கருத்து நாடகத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை என்பதை இங்கே காண்க. அது மேரியின் குரலாக உள்ளே வந்து அமர்ந்திருக்கிறது. மிகவும் மதிப்புக்குரிய இருக்கையில் அமர்ந்திருக்கிறது.

லூ அவளுக்கு மறுமொழி கூறுகிறார். அச்சுறுத்தும் ஒன்றைக் கண்டு சிரிப்பது மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி, இறுதியில் சிரிக்கப்போவது சாவுதான் என்பது தெரிந்திருப்பதால் நாம் முந்திக்கொண்டு சிரிக்கிறோம் என்பது அவர் விளக்கம். இப்பேச்சு நாடகத்தின் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது என்று குறை கூறுவோர் இருக்கலாம். குறையில் உண்மை உண்டு. ஆனால் அப்பேச்சு மேரியை மாற்றவில்லை என்பதையும் கருதவேண்டும். விளக்கத்தால் அவள் தெளிந்திருந்தால் அது கட்டுரையாகியிருக்கும். அவள் இசையாமலே சடங்குக்குச் செல்கிறாள். தேவாலயத்தினுள்ளும் நண்பர்களைக் கண்டிக்கிறாள். வந்திருப்பவர்களுள் மற்றக் கோமாளிகள் யார் யார் என்று ஒருவர் கேட்க, சிறிய பிணவண்டி ஒன்றிலிருந்து கும்பலாகக் குதிக்கும்போது தெரிந்துவிடும் என்று மற்றொருவர் சொல்கிறார். வழிபாடு தொடங்கியதும் மர்ரேயும் லூவும் வாய் மூடித் தலை தாழ்த்திவிடுகின்றனர். வேண்டியமட்டும் சிரித்து முடித்தவர்கள் அவர்கள். சிரிக்காமல் அடைத்து வைத்திருந்தவள் மேரி.

இனி வரும் சில நிமிடங்களே இந்நாடகத்தின் உயிர். பாதிரியார் இரங்கலுரை ஆற்றுகிறார். இவ்வுரையை எழுதும்போது லாயிட் செய்த தெரிவு போற்றத்தக்கது. பாதிரியார் நகைச்சுவையாளர் அல்லர். அவர் வாயில் ஒரு வேடிக்கைச் சொல்கூட இல்லை. சக்கிள்ஸ் படைத்த வேடங்களின் பெயர்களை, புனிதர்களின் பெயர்களைச் சொல்வது போல், பணிவோடு அடுக்குகிறார். வேடங்களுள் ஒன்று பகைவனால் வெள்ளரிக்காயால் அடிபட்டு வீழ்ந்து, தூசி தட்டி எழுந்து, மழலைச் சொல் ஒன்றால் தன் வலியைச் சொல்லுமே, அதை எடுத்துக்கூறி, வாழ்க்கையும் அப்படித்தானே என்று பொருள் உரைக்கிறார். உரையின் கருத்து மெய்யானது. எந்த ஆலயத்திலும் சொல்லத்தக்கது. சொற்கள் மட்டும் கோமாளியின் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. உயர்ந்த கருத்துக்கும் இழிந்த சொல்லுக்கும் இடையிலுள்ள அந்தப் பிளவின் வழியேதான் மேரியின் சிரிப்பு கசிந்து வெளிவருகிறது. பாதிரியாராக நடித்தவர் இமைப்பொழுது புன்முறுவல் பூத்திருந்தாலும் பிளவு மூடிக்கொண்டிருக்கும். அவரை அத்துணை நேர்மையாகப் பேசவைத்தது இயக்குநரின் கட்டுப்பாடு.

முதற்சிரிப்பைக் கண்டுகொள்வதே அரிது. இருமல் போல ஓர் ஒலி. பின் உதடுகள் இறுகுகின்றன. இரண்டாம் முறை கைக்குட்டை வாயை மூடுகிறது. அண்டை இருக்கையினர் திரும்புகின்றனர். நேற்று அவள் கண்டித்தாளே, அதே கண்டனத்தைக் கண்களில் ஏந்தி லூவும் மர்ரேயும் அவளை நோக்குகின்றனர்! படக்கருவி பாதிரியாரின் முகத்துக்கும் மேரியின் முகத்துக்கும் மாறி மாறிச் செல்கிறது. மேரி டைலர் மூர் இங்கே சிரிப்பை நடிக்கவில்லை. சிரிப்பை அடக்கும் முயற்சியை நடிக்கிறார். அழுகையை நடிப்போர் கண்ணீரைக் காட்ட முயல்வர். தேர்ந்தோர் கண்ணீரை மறைக்க முயல்வதைக் காட்டுவர். சிரிப்புக்கும் இவ்விதி பொருந்தும் என்பதனை இக்காட்சியைப்போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றைச் சொல்வது கடினம்.

இவ்விடத்தில் டெட் சிரித்திருந்தால்? அல்லது, அதே நிலையத்தில் சமையல் நிகழ்ச்சி நடத்தும் வாய்த்துடுக்கான சூ ஆன் சிரித்திருந்தால்? வேடிக்கையாகவே இருந்திருக்கும், மறுநாள் மறந்தும் போயிருக்கும். நல்லொழுக்கமே வடிவான ஒருத்தி, பிறர் நகைத்ததற்காக நாணியவள், தன் உடம்பாலேயே காட்டிக்கொடுக்கப்படுவதால்தான் நேயர் நெஞ்சு பதறுகிறது. தமிழில் நாடகம் எழுதும் மாணவர் பலர், நகைச்சுவைக்கென்று ஒரு வேலைக்காரனையோ காவலரையோ தனியே படைத்து, கதைத் தலைவனையும் தலைவியையும் சிரிப்பின் வாடை படாமல் காத்து வைக்கின்றனர். திரைப்படம் கற்பித்த பழக்கம் அது. தலைவிக்கே நேரும் இழுக்கிலிருந்து பிறக்கும் நகை எத்துணை ஆழமுடையது என்பதற்கு இக்காட்சியை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

அடுத்த திருப்பம் எவரும் எதிர்பாராதது. பாதிரியார் சினக்கவில்லை. மேரியை எழுந்து நிற்கச் சொல்கிறார். சிரிக்க விரும்புகிறாய் அல்லவா, சிரி, சக்கிள்ஸ் கண்ணீரை வெறுத்தவன், பிறர் சிரிக்கவே வாழ்ந்தவன், அவனுக்காக வாய்விட்டுச் சிரி என்று கனிவோடு வேண்டுகிறார். தடை நீங்கிவிட்டது. இசைவு கிடைத்துவிட்டது. மேரி ஓவென்று அழுகிறாள்.

சிரிக்கக் கூடாதபோது சிரித்தவள், சிரிக்கச் சொன்னபோது அழுகிறாள் என்பதை முரண் என்னும் அணியாக மட்டும் காண்பது போதாது. அவளுக்குள் அடைபட்டிருந்தது சிரிப்பா அழுகையா என்பது அவளுக்கே தெரியாது. நேற்று முதல் அவள் சக்கிள்ஸுக்காக ஒரு துளிக் கண்ணீரும் விட்டதாகக் காட்டப்படவில்லை. பிறர் ஒழுங்காக இருக்கிறார்களா என்று காவல் காப்பதிலேயே அவள் துயரம் செலவாகிவிட்டது. அடைத்த வழியெல்லாம் அடைத்தபின் எது முதலில் வெளிவந்ததோ அது வந்தது. அதன் பின்னால் மற்றது வந்தது. அரங்கத்தினர் அவள் அழுவதைக் கண்டும் சிரிக்கின்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அது இரக்கமற்ற சிரிப்பன்று. தங்களையே கண்டுகொண்டவர்களின் சிரிப்பு அது.

இந்த இடத்தோடு திரை விழுந்திருக்கலாமா? சடங்கு முடிந்து அனைவரும் மேரியின் இல்லத்தில் கூடி, தத்தம் இறுதிச் சடங்கு எவ்வாறு அமைய வேண்டும் என்று உரையாடும் காட்சி ஒன்று பின்னும் வருகிறது. தனக்கு ஆரவாரம் எதுவும் வேண்டாம், தொப்பியோடு தன்னைக் குப்பைத் தொட்டிகளுக்கு அருகே நிறுத்திவைத்தால் போதும் என்கிறார் லூ. நல்ல சொல்தான். இருப்பினும், அத்துணைக் கூர்மையாக முடிந்த ஒரு காட்சிக்குப் பின் நகைச்சுவைத் துணுக்குகள் வரிசையாக வருவது தொடரின் வழக்கத்துக்குச் செலுத்திய வரி போல் தோன்றுகிறது. இன்னொரு வகையிலும் இதனைப் பார்க்க இடமுண்டு. சாவு வீட்டிலிருந்து திரும்புவோர் குளித்து, உண்டு, மெல்லப் பேசத் தொடங்குவர். அப்பேச்சு தங்கள் சாவைப் பற்றியதாகவே இருக்கும். அழுத முகத்தோடு நேயர்களை வீட்டுக்கு அனுப்ப ஆசிரியர் விரும்பவில்லை என்றால், அவ்விருப்பத்தைப் பெருங்குற்றம் என்று சொல்வதற்கில்லை.

நாடகத்தின் தலைப்பும் தமிழாசிரியர்களின் கவனத்துக்கு உரியது. 'சக்கிள்ஸ் பைட்ஸ் த டஸ்ட்' என்பது அது. ஆங்கிலத்தில் புழுதியைக் கடித்தல் என்றால் வீழ்ந்து மடிதல். தமிழில் மண்ணைக் கவ்வுதல் என்பது தோற்றுப்போதலைக் குறிக்குமேயன்றிச் சாவைக் குறிப்பதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன், கோமாளியைச் சாகடிக்காமல் தேர்தலில் தோற்கடித்துவிடுவான்!

இந்நாடகத்தை எழுதியதற்காக டேவிட் லாயிட் 1976-இல் எம்மி விருது பெற்றார். இயக்கியதற்காக ஜோன் டார்லிங்கின் பெயரும் அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தொடர் 1977 மார்ச் 19-ஆம் நாள் நிறைவெய்தியது. புதிய நிர்வாகம் செய்திப் பிரிவில் எல்லாரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, திறமையற்ற டெட் ஒருவனை மட்டும் வைத்துக்கொள்கிறது என்பது அவ்விறுதிப் பகுதியின் கதை. அதை எழுதிய அறுவருள் லாயிடும் ஒருவர். பிரியும் வேளையில் அனைவரும் ஒருவரையொருவர் தழுவி நின்று அழுகின்றனர். மூக்குச் சிந்தத் தாள் வேண்டும். தாள் வைத்த பெட்டியோ தொலைவில் மேசைமேல் இருக்கிறது. பிடியைத் தளர்த்த எவருக்கும் மனமில்லை. ஆகவே, தழுவிய நிலையிலேயே கும்பலாக, சிற்றடி வைத்து, நண்டு போல் பக்கவாட்டில் நகர்ந்து பெட்டியை அடைகின்றனர். அரங்கம் அழுகிறது, அழுதுகொண்டே சிரிக்கிறது. அந்தப் பகுதியை இயக்கியவர், கோமாளியின் சாவை இயக்க மறுத்த ஜே சாண்ட்ரிச்.